சுவிட்சைத் தொடாத சிங்காரம்

கிள்ளை ரயில்வே கேட்டில் யாரைக் கேட்டாலும் சிங்காரத்தின் வீட்டைக் காட்டிவிடுவார்கள். பெரிய புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்திரண்டு வருஷம் சைக்கிள் கேரியரில் மீன் பெட்டியைக் கட்டி, ரப்பர் பந்து ஹாரனை அமுக்கிக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் போய் விற்றுவிட்டு வந்த மனிதர், அவ்வளவுதான். காலை ஏழரைக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால், வாடிக்கை வீட்டுப் பெண்கள் சிங்காரத்துக்கு என்ன ஆச்சோ என்று பேசிக்கொள்வார்கள்.

அவரிடம் ஒரு குணம். சொன்னால் சொன்னதுதான், பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. ஒரு ஐப்பசியில் நடுவழியில் டயர் வெடித்துவிட்டது. தெரிந்த மினி லாரிக்காரர் நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார். "காலு இருக்குதுப்பா, தள்ளிகிட்டுப் போறேன்" என்று ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனார். மீன் பாதி நாறிவிட்டது. அன்றைக்கு அவர் மனைவி ராசம்மாள் விட்ட ஏச்சைத் தெருவே கேட்டது. "ஒன் காலு பெருமைய அப்பறம் கேக்குறேன். நாறுன சங்கரா மீனுக்கு யாரு பதில் சொல்றது?"

ராசம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. மீன் கடைகளுக்குப் பக்கத்தில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, வாங்கி வருகிறவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுப்பாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஓடும். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் வெண்மதியைப் படிக்க வைத்தார்கள். ஒரே மகள். சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

ஐம்பத்தெட்டு வயதில் சிங்காரத்துக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. சைக்கிளை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு, கூண்டில் அடைத்த சேவல் மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்க்கச் சகிக்காமல், பொங்கலுக்கு வந்த வெண்மதி ஒரு பேட்டரி சைக்கிளை வாங்கி இறக்கினாள்.

பார்க்க சைக்கிள்தான். பெடல் உண்டு, செயின் உண்டு. நடுக்கம்பியில் பேட்டரி, பின்சக்கரத்தில் மோட்டார். கைப்பிடியிலுள்ள சுவிட்சைப் போட்டுவிட்டு லேசாக மிதித்தால், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போல ஓடும். சுவிட்சைப் போடாமலும் ஓட்டலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பேட்டரி, மோட்டார் கனம் எல்லாவற்றையும் சேர்த்து நம் காலே இழுக்க வேண்டும். ராசம்மாளின் தம்பி அருள்முருகன், படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவன், அவன்தான் ஓட்டிக் காட்டினான். "மாமா, இனிமே நீ மிதிக்கிற மாதிரி நடிச்சா போதும். மத்தத அது பாத்துக்கும்." சிங்காரத்துக்கு ஒரே குஷி. ஆனி மாதம் வரைக்கும் அந்த வண்டியில் அவர் போகாத இடமில்லை.

ஆனியில்தான் ராசம்மாளின் வலது பாதத்தில் கிளிஞ்சல் கிழித்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. கடைக்காரிகள் யாருக்குத்தான் கிளிஞ்சல் கிழிக்கவில்லை என்று மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள். பத்தாம் நாள் பாதம் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள். டாக்டரம்மா சிங்காரத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "மருந்து குடுத்துப் பாக்குறோம். கிருமி மேல ஏறுச்சின்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். மனச தயார் பண்ணி வெச்சிக்குங்க" என்றார்.

மனதைத் தயார் பண்ணுகிற ஆளா சிங்காரம்? நேரே தில்லைக் காளி கோயிலுக்குப் போனார்.

நம் பக்கத்தில் கண்ணுக்கு ஒரு நோய் என்றால் கண்மலர் வாங்கிப் போடுவார்கள். கைக்கு ஒன்று என்றால் வெள்ளியில் கை, காலுக்கு ஒன்று என்றால் வெள்ளியில் கால். உடம்புக்கு உடம்புதான் ஈடு. சிங்காரத்துக்கு வெள்ளிக் கால் போதுமானதாகப் படவில்லை. கடையில் கிடைக்கிற காலைக் கொடுத்துவிட்டு ராசம்மாளின் காலைக் கேட்பதா? தன் உடம்பில் எது நோகிறதோ அதையே கொடுப்பது என்று முடிவெடுத்தார். "தாயே, அவ காலத் தொடாம எனக்குக் குடுத்துடு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, அவளுக்குச் சோறு எடுத்துகிட்டு எங்காலாலயே மிதிச்சி வர்றேன். பஸ்சு ஏற மாட்டேன், சுவிட்சத் தொட மாட்டேன். தொட்டா நீ அவ கால எடுத்துக்க." வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்பதால் வெண்மதியிடம்கூட வாய் திறக்கவில்லை.

கிள்ளையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு கிலோமீட்டர். அவர் போய்வந்தது ஆடி மாதம். மேல்காற்று முகத்திலேயே அறையும். இறால் குட்டைகளைத் தாண்டி வெட்டவெளி வந்துவிட்டால் ஒரு மரம்கூட மறைப்புக்குக் கிடையாது. கேழ்வரகுக் கூழும் மீன் குழம்பும் பையில் ஆட, பெடலில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போவார். பேட்டரி சைக்கிளை ஒரு கிழவர் நின்றுகொண்டு மிதிப்பதைப் பார்த்துவிட்டு, பைக்கில் போகிற காலேஜ் பிள்ளைகள், "பெரிப்பா, சுவிட்சு போட மறந்துட்டியா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல மூச்சு வேண்டுமே.

வீட்டுக்குத் திரும்பியதும் முட்டிக்கு உப்பு ஒத்தடம். பிறகு சார்ஜரைச் சொருகுவார். பேட்டரி அப்படியே நிறைந்திருக்கும், சொருகின உடனேயே பச்சை விளக்கு எரிந்துவிடும். ஆனாலும் அக்கம்பக்கத்தார் பார்வைக்குச் சொருகித்தான் ஆக வேண்டும். வெண்மதி போனில் கேட்பாள்: "மோட்டாரு போட்டுகிட்டுத்தான போற?" "பின்ன? பூப்போல போயிட்டு வர்றேன்." பொய் சொல்லியே பழகாத மனிதர், நாற்பது நாளும் இந்த ஒரு பொய்யை மட்டும் தவறாமல் சொன்னார்.

ராசம்மாளை அப்படி ஏமாற்ற முடியவில்லை. "இந்தாய்யா, ஒன் சட்டை ஏன் பிழிஞ்சி போட்ட மாதிரி இருக்குது? மோட்டாரு ரிப்பேரா?"

"வெயிலு."

"வெயிலுல வேர்த்தா கால ஏன் இழுத்து இழுத்து வெக்கிற? எனக்குத் தொணைக்கி நீயும் படுத்துக்கலாம்னு பாக்குறியா?" என்று சிரித்தாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் துணைக்கு இருந்த அவள் அக்கா தங்கம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. புண்ணில் சிவப்பாகச் சதை வளர ஆரம்பித்தது. "நல்லா வருதுங்க ஐயா" என்று நர்ஸ் சொன்ன அன்று சிங்காரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வடக்கே கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். ஊசி, மருந்து, தினமும் மூக்கைப் பிடிக்காமல் கட்டைப் பிரித்துக் கழுவிய அந்த நர்ஸின் பொறுமை எதையும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. தன் கால் வலிக்க வலிக்க அவள் கால் ஆறுகிறது என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. வலி குறைவாக இருந்த நாளில் பயந்துபோனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பத்துநான்காம் நாள் ராசம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "இனிமே காலப் பாக்க முடியாது, உயிரப் பாக்கணும். எடுத்துடலாம்."

"பதினாலு நாளு பொறுங்க டாக்டரம்மா."

"எதுக்குப் பதினாலு நாளு?"

சிங்காரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு மருந்து மாற்றிப் பார்க்கிறேன், ஆனால் இது உங்கள் இஷ்டத்துக்கு நிற்காது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

ராசம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவர் கட்டிலோரம் வந்ததும் கையைப் பிடித்தாள். கை அனலாய்க் கொதித்தது.

"எடுக்கட்டும்யா. வலி தாங்கல."

"சும்மா இரு புள்ள. கால் போயிட்டா அப்பறம் என்னா இருக்குது?"

"மீன காலாலயா ஆயிறேன்? உக்காந்துகிட்டுத்தான ஆயிறேன்? என்னிய கொண்டுபோயி கடையாண்ட எறக்கி உட்டுடு, நாக்கு இருக்குது, கை இருக்குது, நான் பொழைச்சிக்குவேன். நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு. நான் கைநாட்டு வெக்கிறேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. "எல்லாம் நல்லாயிடும், பாத்துகிட்டே இரு" என்றார். அவரை மீறி அவள் இதுவரைக்கும் ஒரு காரியம் செய்ததில்லை. ஏசுவாள், திட்டுவாள், கடைசியில் அவர் சொன்னபடிதான். அன்றைக்கும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். எனக்கு அந்த இடத்தில் சிங்காரத்தின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் ஊரில் எத்தனை பேர் இப்படித்தான் அன்பு செய்கிறார்கள், யாரை என்று உலுக்குவது?

நாற்பத்தோராம் நாள் காலை, எட்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தங்கம்மாளின் போனிலிருந்து டாக்டரம்மாவே பேசினார். "அவுங்களுக்கு நெனவு சரியா இல்ல. கிருமி ரத்தத்துல கலந்துடுச்சி. இனி ஒங்கள கேக்கல, சொல்றேன், ஒடனே எடுத்தாவணும். ஒம்போது மணிக்கு ஆப்பரேஷன் தியேட்டர் ரெடி. அதுக்குள்ள வந்து கையெழுத்துப் போடுங்க." பக்கத்திலிருந்து தங்கம்மாள் அழுதுகொண்டே, "நீங்க வாங்க, எனக்குப் பயமா இருக்குது, நான் கைநாட்டு வெக்க மாட்டேன்" என்று கத்தினது கேட்டது.

அருள்முருகன் இன்ஜின் சாமான் வாங்க விடியற்காலையே கடலூர் போய்விட்டிருந்தான். ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் பைக் நின்றது. ரோட்டுக்குப் போனால் பஸ் வரும். போக வழி இல்லாமல் இல்லை.

சிங்காரம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு நாள். இன்னும் ஏழே நாள். இத்தனை நாள் மிதித்துவிட்டு இன்றைக்கு மட்டும் ஏறிப் போனால், காளி அவள் காலை எடுத்துக்கொள்ள அவரே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகாதா? ஒருவேளை இதுதான் சோதனையோ? கடைசியில்தானே சாமி சோதிக்கும்? தலைக்கு மேலே வெள்ளம் போகிற நேரத்தில் அவர் யோசித்தது இதைத்தான். டாக்டரம்மா உயிரைப் பற்றிப் பேசினார், அவர் காதில் இன்னும் கால்தான் விழுந்துகொண்டிருந்தது. சோற்றுப் பையைக்கூட எடுக்காமல் ஏறி மிதித்தார்.

காற்று அன்றைக்கென்று மண்ணை வாரி அடித்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் இடது முட்டி மடங்க மறுத்தது. ஒரு காலால் மிதித்தார். வாய்க்கால் பாலத்தில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினார். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கைப்பிடியில் கட்டைவிரலுக்கு அரை அங்குல தூரத்தில் சுவிட்ச் இருந்தது. விரல் ஒரு தடவை அதன்மேல் போய் உட்காரவும் உட்கார்ந்தது. "தாயே, தாயே" என்று சத்தமாகவே அழுதுகொண்டு விரலை எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வார்டுக்குள் அவர் நுழையும்போது மணி ஒன்பதரை. ஒன்பது பத்துக்கு ஒரு வேன் விபத்து. நாலு பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். தயாராக இருந்த தியேட்டருக்குள் அவர்களில் ஒருவனைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பையனையும் காப்பாற்ற வேண்டியதுதானே, யாரைக் குறை சொல்வது? சிங்காரம் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பேர் பாதி கோட்டுக்கு வெளியே போயிற்று. ராசம்மாளுக்கு மூக்கில் குழாய். அவர் கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. அடுத்த தியேட்டர் காலியாகிறது என்று பதினொன்றரைக்கு வந்து சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டுத் தூக்கும்போதே அவள் மூச்சு நின்றுவிட்டது.

அவள் கால் அப்படியேதான் இருந்தது. கட்டோடு, கறுத்து, முழுசாக.

டாக்டரம்மா நெடுநேரம் முயன்று பார்த்தார். வெளியே வந்து, "ஒம்போதுக்கே எடுத்திருந்தாலும் பொழைச்சிருப்பாங்கன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க ஐயா" என்று சொன்னார். நல்ல மனது. தங்கம்மாளுக்கு அந்த நாசூக்கு எல்லாம் தெரியாது. மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "எட்டரைக்கு ஒருக்கா கண்ணு முழிச்சாளே! 'அவரு வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு கேட்டாளே! 'வந்தா எடுக்கச் சொல்லுக்கா'ன்னு சொன்னாளே பாவி!"

வெண்மதி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவைத் தேடிக்கொண்டு வந்தபோது, அவர் சைக்கிள் ஸ்டாண்டில், தன் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முட்டியும் வேட்டிக்கு மேலேயே தெரிகிற அளவு வீங்கியிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

"எட்டுக்கே கெளம்பிட்டியாமே. ஒன்ற மணி நேரமாப்பா ஆச்சி? வண்டி நின்னுபோச்சா?"

அவள் எழுந்து பட்டனை அமுக்கினாள். சின்னத் திரையில் ஐந்து கோடும் நிறைந்து எரிந்தன.

"ஃபுல்லா இருக்குதேப்பா." திரையையும் அவர் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "மோட்டாரே போடலியா? ஏம்ப்பா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னார். மண்டலம், சுவிட்ச், காலுக்குக் கால், இன்னும் ஏழு நாள், எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது வேறு யாரோ ஒரு கிறுக்கனின் கதை போலக் கேட்டது.

வெண்மதி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"காளிகிட்ட கேட்ட. அம்மாகிட்ட கேட்டியாப்பா?"

அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. கேட்காமலே அவள் சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை என்பதுதான் பதில். அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. வெண்மதி உள்ளே போய்விட்டாள்.

காகிதங்கள் எல்லாம் முடிந்து நாலரைக்கு அமரர் ஊர்தி புறப்பட்டது. கடலூரிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்த அருள்முருகன், அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ அக்காகூட போ மாமா. சைக்கிள நான் எடுத்தாறேன்" என்றான். வழியெல்லாம் தங்கம்மாள் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தாள். வெண்மதி அம்மாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ராசம்மாளை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். சிங்காரத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஊர்தி திரும்பிப் போவதற்குள் அருள்முருகன் சைக்கிளில் வந்து இறங்கினான். பந்தலில் நின்ற சபாபதி என்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஆச்சரியமாகக் கேட்டார். "இப்பதான் வண்டியே வந்துச்சி. அதுக்குள்ள நீயும் வந்துட்டியா?"

"பேட்டரி ஃபுல்லா இருந்துச்சி. ஒரு எடத்துலகூட அழுத்தி மிதிக்கல. அரமணி நேரந்தான்."

அவன் மனதில் ஒன்றும் இல்லை. கேட்டதற்குச் சொன்னான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அக்கா" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினான்.

சிங்காரம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டது. அரை மணி நேரம். எதிர்க்காற்றுக்கு இன்னும் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டாலும் எட்டரை. எட்டரைக்குத்தான் ராசம்மாள் கண்ணை விழித்து அவரைக் கேட்டிருக்கிறாள்.

உள்ளேயிருந்து பெண்கள் அவரைக் கூப்பிட்டார்கள், தலைமாட்டில் வந்து உட்காரச் சொல்லி. நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி இரண்டும் விறைத்துப்போயிருந்தன. இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.